ஓவியக் கல்லூரியும் நம் பிள்ளைகளும்



நம் மேடைகளில் கவிதை பற்றிப் பேசியிருக்கிறோம். தன்வரலாறு, நாவல், பறை, கூத்து என்று ஒவ்வொன்றாக எடுத்து விவாதித்திருக்கிறோம். நம் புத்தகங்களின் முகப்பில் இருக்கும் ஓவியத்தைப் பற்றி மட்டும் அதிகம் பேசியதில்லை. அதை வரைந்தவர் எங்கே படித்தார், எப்படிப் படித்தார், அந்தப் படிப்புக்குள் நுழைய என்ன தேவைப்பட்டது என்றெல்லாம் கேட்டதே இல்லை. இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு ஓவியக் கல்வியை எடுத்துக்கொண்டதற்கு ஒரு நேரடியான காரணம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் சிலர் நம்மிடம் வந்து, "ஓவியம் படிக்கப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். கூடவே வரும் அப்பாவோ அம்மாவோ கேட்பது வேறு: "அதப் படிச்சா சோறு கெடைக்குமா சார்?" இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்தக் கல்லூரிச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நாம் சமூகவியல் படித்தவர்கள், ஓவியர்கள் அல்லர். ஆனாலும் படித்தவர்களிடமும் படிக்கிறவர்களிடமும் பாதியில் விட்டு வந்தவர்களிடமும் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. 2013-இல் தொடங்கப்பட்ட இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இவை வருகின்றன. இளங்கலை நான்கு ஆண்டு, முதுகலை இரண்டு ஆண்டு. சென்னையில் வண்ணக்கலை, சிற்பம், காட்சிவழித் தொடர்பு, துணி வடிவமைப்பு, சுடுமண், அச்சோவியம் என்று பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவுக்குப் போனாலும் அடித்தளம் ஒன்றுதான்: டிராயிங். கோடு போடக் கற்பது.

"கோடு போடுவதைக் கற்க நான்கு வருடமா?" என்று கேட்கத் தோன்றும். அங்கே கற்பிப்பது கைப்பழக்கம் மட்டும் என்று நினைப்பதால் வரும் கேள்வி அது. உண்மையில் முதல் ஆண்டு முழுவதும் பழக்கப்படுவது கண். ஒரு குழந்தையை மனித முகம் வரையச் சொல்லுங்கள். கண்களைத் தலையின் உச்சிக்குப் பக்கத்தில் வைக்கும். நம்மில் பெரியவர்களும் அப்படித்தான் வரைவோம். அளந்து பார்த்தால் கண்கள் தலையின் நடுப்பகுதியில் இருக்கின்றன. மேலே பாதி, கீழே பாதி. நெற்றியையும் மண்டையையும் நாம் முக்கியம் என்று நினைப்பதில்லை, அதனால் சுருக்கிவிடுகிறோம். முக்கியம் என்று மனம் முன்பே முடிவுசெய்ததைப் பெரிதாகவும், மற்றதைச் சிறிதாகவும் வரைகிறோம். வகுப்பில் ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வது, தெரிந்ததை வரையாதே, கண்ணுக்குத் தெரிவதை வரை என்பதுதான்.

இதற்குச் சில வழிமுறைகள் இருக்கின்றன. பென்சில் பிடித்த கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே இருக்கும் பானையின் உயரத்தைப் பென்சில் முனைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு அதே அளவைப் படுக்கவைத்து அகலத்தோடு ஒப்பிடுகிறார்கள். முழங்கை மடங்கினால் கண்ணுக்கும் பென்சிலுக்கும் உள்ள தூரம் மாறும், அளவு பொய்யாகிவிடும். நாற்காலியை வரைய வராவிட்டால் நாற்காலியை விட்டுவிட்டு, அதன் கால்களுக்கு இடையே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை வரையச் சொல்வார்கள். வெற்றிடம் சரியாக வந்தால் நாற்காலி தானாக நின்றுவிடும். ஓர் ஆள் ஒற்றைக் காலில் எடை கொடுத்து நின்றால், அவர் தொண்டைக்குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது எடை தாங்கும் பாதத்தின் மேல்தான் இறங்கும். இதைச் சொல்லிக்கொடுத்தபோது, கொத்தனார் மகனான ஒரு மாணவர், "இது எங்கப்பா செவுத்துக்குப் பாக்குறதுதானே" என்றாராம். வகுப்பில் அவருக்கு முதலில் பிடிபட்டது அதுதான்.

சொற்களும் வேடிக்கை காட்டும். பலகையைத் தாங்கும் சட்டத்துக்கு 'ஈசல்' என்று பெயர். முதல் நாள் ஸ்டோர் ரூமிலிருந்து ஈசல் எடுத்து வரச் சொன்னபோது, மழைக்குப் பிறகு பிடித்து வறுத்துத் தின்ற ஈசல்தான் நினைவுக்கு வந்தது என்று சொல்லிச் சிரித்த தங்கை ஒருத்தியைத் தெரியும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். சாதி என்பது பார்க்கப் பழக்கும் ஒரு பயிற்சியும்கூட. ஒருவர் எதிரே வரும்போது அவர் தெரு, பெயர், நிறம், உடுப்பு, நடை எல்லாவற்றையும் நொடியில் எடைபோட்டு, அவருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று இந்தச் சமூகம் முடிவுசெய்துவிடுகிறது. ஆளைப் பார்ப்பதற்கு முன் அவருடைய இடம் தெரிந்துவிடுகிறது. நம் மரபுச் சிற்ப சாத்திரத்தில் இதற்கு அளவே இருக்கிறது. தாளமானம் என்பார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது பத்துத் தாள உயரம். படிநிலை இறங்க இறங்கத் தாளமும் இறங்கும். குள்ளப் பூதங்களுக்குப் பாதியோ அதற்கும் குறைவோதான். சிற்பிகளின் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கைகளை வணங்கலாம். ஆனால் உடலின் அளவைத் தகுதி தீர்மானிக்கிறது என்பதைக் கவனிக்காமல் போக முடியாது.

நீட்டிய பென்சிலுக்குத் தகுதி தெரியாது. எதிரே நிற்பவர் முழங்கால் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோடு விழ வேண்டும். நிற்கும் மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம் என்று பாடம் சொல்லும். எதிரே நிற்கும் அம்மா ஆறரைத் தலை என்றால் ஆறரைதான். உற்றுநோக்கி வரைவதில் இப்படி ஒரு சமத்துவம் இருக்கிறது. ஓவியக் கல்வியை நாம் முக்கியம் என்று சொல்வதற்கு இது முதல் காரணம். மேற்கத்திய கலைப்பள்ளிகளும் இதில் தூய்மையானவை அல்ல. கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் அச்சுகளை வைத்து வரையச் சொன்னபோது அவர்களும் ஓர் இலட்சிய உடலை அளவுகோலாக்கினார்கள். தாளத்துக்குப் பதில் அப்போலோ, அவ்வளவுதான்.

இந்தக் கல்லூரி எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் சென்னையில் தம் சொந்த முயற்சியில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டு தொழிற்கலைப் பள்ளியாக்கியது. காலனிய அரசு நடத்திய கலைப்பள்ளிகளின் நோக்கம் கைவினைஞர்களைப் பயிற்றுவிப்பது என்று சொல்லப்பட்டது. நடைமுறையில் வரைவாளர் வேலை, ஓவிய ஆசிரியர் வேலை தேடி நடுத்தர வர்க்கப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். மெல்ல மெல்ல 'கலை' ஒரு பக்கமும் 'கைவினை' ஒரு பக்கமும் ஆயின. கையெழுத்துப் போட்டுச் சுவரில் மாட்டுவது கலை. பெயர் இல்லாமல் சந்தைக்குப் போவது கைவினை. தலையால் செய்வது உயர்வு, கையால் செய்வது தாழ்வு என்ற நம் பழைய ஏற்பாடு, ஐரோப்பியப் பிரிவினை ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே படிநிலையாகப் பிரித்தது என்று அம்பேத்கர் காட்டியதை இங்கே நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பிரிவு எவ்வளவு போலியானது என்பதற்கு அதே கல்லூரியின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களோடு சேர்ந்து 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். அந்த நிலத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். நவீன ஓவியத்தின் பெரிய இயக்கம் ஒன்றைக் கைவினைதான் சோறு போட்டு வளர்த்தது. கோட்டோவியத்தில் பெரும் சாதனை செய்த கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். இதையெல்லாம் கலை வரலாற்றில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

மெரினா கடற்கரைக்கு எல்லோரும் போயிருப்போம். உழைப்பாளர் சிலையை மே தினத்தில் பார்க்காத இயக்கக்காரர் இருக்க முடியாது. நான்கு ஆண்கள் ஒரு பெரும்பாறையை நெம்புகிறார்கள். 1959-இல் திறக்கப்பட்ட அந்தச் சிலையைச் செய்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. 1929-இல் சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். அந்த உடல்களுக்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் கல்லூரியின் இரவுக் காவலாளி என்றும், இன்னொருவர் அங்கே படித்த மாணவர் என்றும் பதிவுகள் சொல்கின்றன. ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் தசைகளை முறுக்கி நின்ற காவலாளியின் தோளும் தொடையும்தான் இன்று வெண்கலமாக நிற்கின்றன. செய்தவர் பெயர் பொது அறிவு வினாத்தாளில் வரும். நின்றவர் பெயர் வராது.

ராய் சௌத்ரியைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் அந்த உடலை மதித்துத்தான் செய்திருக்கிறார், சிலையே சாட்சி. நாம் கவனிக்க வேண்டியது ஸ்டுடியோவின் ஏற்பாடு. லைஃப் ஸ்டடி வகுப்பில் நடுவே ஒரு மரமேடை. அதில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் இருபது ஈசல்கள். மேடையில் உட்காருபவர் யார்? கூலிவேலை கிடைக்காத முதியவர், பூ விற்கும் அம்மா, சுமை தூக்கி உடல் முறுக்கேறியவர். முகத்தில் சுருக்கம் நிறைய இருந்தால் மாணவர்களுக்கு மகிழ்ச்சி. நிழலும் வெளிச்சமும் நன்றாக விழும். அந்தச் சுருக்கம் எந்த வெயிலில் வந்தது என்று அந்த வகுப்பில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது ஓவிய ஆசிரியரின் வேலையா என்று கேட்டால், ஆம், அதுவும்தான் என்பது நம் கருத்து. மேடையில் உழைக்கும் உடல் எப்போதும் இருந்திருக்கிறது. ஈசலுக்குப் பின்னால் அந்த உடலின் பிள்ளைகள் எத்தனை பேர் நின்றார்கள் என்பதுதான் கேள்வி.

இட ஒதுக்கீடு வந்த பிறகு நிற்கிறார்கள். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. ஆனால் கதவுக்கு முன்னால் ஒரு செய்முறைத் தேர்வு இருக்கிறது. அதில் உட்கார்ந்து பார்த்து வரையத் தெரிந்திருக்க வேண்டும். அதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் பணியிடம் பெரும்பாலும் காலி, அல்லது பகுதிநேரம். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கென 16,549 பகுதிநேரப் பயிற்றுநர்களை அரசு நியமித்தது. தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வருகிற, தம் நிரந்தரத்துக்காகப் போராடிக்கொண்டிருக்கிற ஓர் ஆசிரியர்தான் நம் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் ஓவியக் கல்லூரி. அவர்களில் பலர் தம் கைக்காசில் சார்ட் வாங்கி வந்து கற்பித்தவர்கள். நகரத்துப் பிள்ளையோ நுழைவுத் தேர்வுக்கென்றே ஆறு மாதம் தனி வகுப்புக்குப் போகிறது.

அடுத்து, பொருள்கள். கலைக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர் நூலகத்தை வைத்து ஓட்டிவிடலாம். ஓவியம் படிக்கிறவருக்குத் தாள், பலகை, கரித்துண்டு, பிரஷ், வண்ணம், கேன்வாஸ் எல்லாம் தீரத் தீர வாங்க வேண்டும். நல்ல பிரஷ் ஒன்று ஒரு நாள் நடவுக் கூலியை விழுங்கிவிடும். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் அது தாமதமாக வருகிறது. வண்ணமோ வகுப்புத் தொடங்கும் வாரத்திலேயே வேண்டும். நடுவே உள்ள மாதங்களில் என்ன நடக்கிறது? பக்கத்து ஈசல்காரரிடம் கொஞ்சம் வெள்ளை கடன் வாங்குவார். இரண்டாம் முறை கேட்கக் கூச்சம் வரும். வண்ணத்தை மெல்லிசாக இழுப்பார். ஆசிரியர் வந்து, "ஏன் இவ்வளவு பயந்து பயந்து பூசுற, தைரியமா அடி" என்பார். அது தைரியம் சம்பந்தப்பட்டதல்ல, ட்யூப் சம்பந்தப்பட்டது. இந்த வித்தியாசம் தெரியாத மதிப்பெண் பட்டியலில் அந்த மாணவர் 'தயக்கம் உள்ளவர்' ஆகிவிடுகிறார்.

மதிப்பெண் என்றதும் ஜூரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருவ முடிவில் வேலைகளை வரிசையாக வைத்து நிற்க வேண்டும். ஆசிரியர்களும் வெளியாரும் வந்து கேட்பார்கள். உன் கருத்து என்ன, எந்த ஓவியரின் தாக்கம், ஏன் இந்த நிறம்? கையால் செய்த வேலையை வாயால் காப்பாற்ற வேண்டிய இடம் அது. வீட்டில் சோபாவுக்கு மேல் ஓவியம் மாட்டியிருந்த, பள்ளி விடுமுறையில் அருங்காட்சியகம் போன பிள்ளைக்கு அந்த மொழி கூடவே வளர்ந்தது. சமூகவியலாளர் பியர் பூர்தியு இதைத்தான் பண்பாட்டு மூலதனம் என்றார். குடும்பம் கொடுத்ததைக் கல்விக்கூடம் பிறவித் திறமை என்று எண்ணி மதிப்பெண் போடுகிறது. நம் பயிலரங்குக்கு வந்த மாணவர் ஒருவர், தாம் படித்த கல்லூரியின் ஜூரியில் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி புரியாமல் நின்றபோது, "சரி, நெக்ஸ்ட்" என்று நகர்ந்துவிட்டார்கள் என்றார். மூன்று மாத வேலை, இரண்டு சொல்லில் முடிந்தது. தமிழில் கேட்டிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பார், நம்மிடம் பேசினார்.

தமிழ் தெரிந்த ஆசிரியர்கள் கேட்டாலும் இன்னொரு பொறி இருக்கிறது. நம் பிள்ளை யாரென்று தெரிந்ததும், அவர் பறை வரைவார், சேரி வரைவார், துயரம் வரைவார் என்று எதிர்பார்க்கிறார்கள். வரையாவிட்டால் 'வேரை விட்டுட்டியே' என்கிறார்கள்; வரைந்தால் 'இதையே எத்தனை நாள்' என்கிறார்கள். நாக்பூரில் பிறந்து பரோடாவில் பயின்ற சவி சவர்க்கர், கழுத்தில் கலயமும் இடுப்பில் விளக்குமாறுமாக நடக்கவைக்கப்பட்ட தீண்டப்படாதவரை எட்சிங்கிலும் கோட்டோவியத்திலும் திரும்பத் திரும்ப வரைந்தார். இந்திய நவீன ஓவியத்தில் தலித் கலை என்றால் அவர் பெயரைத் தவிர்க்க முடியாது. அந்தக் கோடுகள் அழகாக இருக்க மறுப்பவை. அச்சுத்தகட்டை அமிலம் அரித்தது போலவே பார்ப்பவரை அரிப்பவை. அவர் அதை வரைந்தது யாரும் எதிர்பார்த்ததால் அல்ல. அப்படி ஒருவர் தாமாகத் தேர்ந்துகொள்வதும், நம் பிள்ளைக்கு வகுப்பறை ஒதுக்கித் தருவதும் ஒன்றல்ல. கத்தரிக்காயை, நிலாவை, ஒன்றுமே இல்லாத வெறும் நீலத்தை வரையும் உரிமையும் நமக்கு உண்டு. இதை நம் இயக்கத் தோழர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். அட்டைப்படம் கேட்கும்போது உடைந்த சங்கிலியைத் தவிர வேறு எதையும் நாம் கேட்பதில்லை.

கல்லூரிக்கு வெளியிலும் நம்மிடம் வரைகலை இருந்திருக்கிறது. காலண்டர் படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக மாற்றி அம்பேத்கரை வரைந்தவர்கள் நம் தெரு ஓவியர்கள். நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம், நீட்டிய விரல். நீட்டிய கையைக் குறுக்கி வரைவது முதல் ஆண்டு மாணவருக்கே கடினம். இவர்கள் சாரத்தில் நின்றபடி வரைந்தார்கள். சிலைகளுக்கு இரும்புக் கூண்டு போடும் ஊர்களில் இந்தச் சுவர்ப் படம் என்ன வேலை செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2000-க்குப் பிறகு பிளெக்ஸ் பேனர் வந்து இந்தக் கைகளை வேலையிலிருந்து தூக்கியது. பிழைப்புக்கு வெள்ளையடிக்கப் போனார்கள் பலர். அவர்களிடம் இருந்த அறிவை எந்தப் பாடத்திட்டமும் வந்து எழுதிக்கொள்ளவில்லை.

சரி, சோறு? மூடி மறைக்காமல் சொல்வோம். கேலரியில் ஓவியம் விற்று வாழ்பவர்கள் மிகச் சிலர். வாங்குபவர்களின் வட்டம் சிறியது, அந்த வட்டத்துக்குள் நமக்கு உறவினர் இல்லை. ஆனால் ஓவியப் படிப்பு என்றால் கேலரி மட்டும் இல்லை. விளம்பரம், அனிமேஷன், பதிப்பகம், துணி வடிவமைப்பு, பள்ளி ஆசிரியப் பணி, திரைப்படக் கலை இயக்கம் எல்லாம் இருக்கின்றன. பி. கிருஷ்ணமூர்த்தியும் தோட்டா தரணியும் சென்னைக் கல்லூரியில் படித்துத் திரைக்குப் போனவர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக் குடும்பம் என்றால் துணி வடிவமைப்பையோ காட்சிவழித் தொடர்பையோ முதலில் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அதைச் சொல்லும்போதே உறுத்தவும் செய்கிறது. வண்ணக்கலையும் சிற்பமும் பிறகு யாருக்கு என்ற கேள்வி நிற்கிறது. பிள்ளைக்கு அதில்தான் மனம் என்றால் அதிலேயே சேருங்கள். கடன் வாங்காமல் படிக்க என்ன வழி என்று நாம் சேர்ந்து பார்ப்போம்.

பொருள் இல்லாததைக் கோட்டால் சமாளித்தவர்களும் உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தின்போது, கல்கத்தா அரசு கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த இளைஞர் ஜைனுல் ஆபிதீன், தெருவில் செத்து விழுந்தவர்களை மலிவான பொட்டலத் தாளில் மையும் பிரஷும் கொண்டு வரைந்தார். பின்னாளில் டாக்காவில் கலைக் கல்லூரி தொடங்கியவர் அவர்தான். அந்தத் தாள்கள் பழுப்பேறியும் இன்றைக்கும் பார்க்க முடியாத அளவுக்குக் கனமாக இருக்கின்றன. ஆனால் இந்தக் கதையைச் சொல்லி உதவித்தொகைத் தாமதத்தை நியாயப்படுத்த யாரையும் விடக்கூடாது.

மாணவர் அமைப்புகள் கேட்க வேண்டியவை இவை. சேர்ந்த முதல் வாரத்திலேயே பொருள்கள் எடுத்துக்கொள்ள ஒரு பொருள் வங்கி கல்லூரிக்குள் வேண்டும். ஜூரி தமிழில் நடக்க வேண்டும், மதிப்பெண்ணுக்கான காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். மாடலாக உட்காருபவர்களுக்கு நியாயமான மணி ஊதியமும் இடைவேளையும் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியும் வேண்டும். கடைசியில் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும், நாற்பது நிமிடம் அசையாமல் நின்று பார்த்தால் தெரியும். அரசுப் பள்ளிகளில் முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும் என்பதும் நம் கோரிக்கைதான்; பகுதிநேர ஆசிரியர்கள் தெருவில் உட்காரும்போது நாமும் போய் உட்கார வேண்டும்.

அதுவரை நாங்கள் ஒன்று செய்யப்போகிறோம். வரும் கோடை விடுமுறையில், செய்முறைத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக, இந்தக் கூட்ட அறையிலேயே ஞாயிறுதோறும் வரைகலைப் பயிற்சி நடக்கும். கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் நம் மாணவர்கள் மூவர் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாடலாக நம் உறுப்பினர்களே முறைவைத்து உட்காருவார்கள்; வேலையை விட்டு வருபவருக்கு அன்றைய கூலி கொடுக்கப்படும். ஒவ்வொரு தாளிலும் வரைந்தவர் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயரும் எழுதப்படும். பலகையும் கிளிப்பும் தாளும் இங்கே இருக்கும். 2பி, 4பி, 6பி பென்சில் ஒவ்வொன்று கொண்டுவந்தால் போதும்.